சந்தாவின் பயன்: ஹாம் ரேடியோ இதழ்களோடு சில பத்தாண்டுகள்

ஹாம் ரேடியோ என்பது, அரசு வகுத்த தேர்வில் தேறி உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்றவர்கள், வருவாய் நோக்கம் சிறிதுமின்றி, வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் அமைத்து, ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் தம்மையொத்த பிறரோடு பேசியோ மோர்ஸ் குறியில் செய்தி பரிமாறியோ வரும் பொழுதுபோக்காகும். அமெரிக்காவில் இது வேர்விட்ட காலந்தொட்டே இதற்கென மாத இதழ்களும் இருந்துவந்துள்ளன. அவற்றுள் மூத்ததான கியூஎஸ்டி, 1915 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்னும் சங்கத்தை நிறுவிய ஹைரம் பெர்சி மாக்சிமும் கிளாரன்ஸ் டஸ்காவுமே அதையும் தொடங்கினர். முதல் உலகப்போரின்போது நின்றுபோன அவ்விதழ், 1919-இல் மீண்டும் வந்தபோது லீக்கின் உடைமையாயிற்று. பின்னர் 1945-இல் சிக்யூ, 1960-இல் 73, 1968-இல் ஹாம் ரேடியோ என்று வேறு இதழ்களும் தோன்றின. இந்நான்கனுள் இன்று நிலைத்திருப்பது கியூஎஸ்டி மட்டுமே.

இத்தகைய ஓர் இதழுக்குச் சந்தா கட்டுவது கொடுத்த பணத்துக்கு ஈடாகுமா என்னும் வினா, ஹாம்கள் கூடும் இடங்களிலெல்லாம் எழுவதுண்டு. பொறியியல் பணியின் பொருட்டு 1980-களில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறி, அங்கேயே உரிமம் பெற்று, அன்றுமுதல் இதழ்களை வாங்கிவரும் இக்கட்டுரையாளரிடமும் புதிதாக உரிமம் பெறும் இளைஞர்கள் இதைக் கேட்பதுண்டு. தேடினால் கிடைக்கக்கூடிய செய்திக்காக இதழ் வாங்குவது வீண் என்பதும், தேட வேண்டும் என்று தோன்றியே இராத ஒன்றைப் பிறர் சரிபார்த்துக் கையில் கொண்டுவந்து சேர்ப்பதே இதழ் செய்யும் வேலை என்பதும் அவருடைய துணிபு. இத்துணிபு உருவான விதத்தைச் சொன்னால்தான் அதன் அளவும் எல்லையும் விளங்கும்.

முதற்பயன் சற்றும் எதிர்பாராத வழியில் வந்தது. அந்நாளில் ஜெனரல் என்னும் உரிம நிலையை எட்ட, நிமிடத்துக்கு 13 சொல் வேகத்தில் வரும் மோர்ஸைக் காதால் கேட்டு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ட்ரா என்னும் உச்ச நிலைக்கு 20 சொல் வேகம் தேவைப்பட்டது. (2000-இல் இது இவ்விரு நிலைகளுக்கும் 5 சொல்லாகக் குறைக்கப்பட்டு, 2007-இல் மோர்ஸ் தேர்வே கைவிடப்பட்டது.) இப்பயிற்சிக்கென லீக் தன் தலைமையகம் உள்ள நியூயிங்டனிலிருந்து, மாக்சிமின் அழைப்புக்குறியான டபிள்யூ1ஏடபிள்யூ என்பதைத் தாங்கிய நிலையத்தின் வழியாக, 5 சொல் முதல் 35 சொல் வரையான வேகங்களில் மோர்ஸ் பாடம் ஒலிபரப்பிவருகிறது. அப்பாடத்துக்குரிய உரை பெரும்பாலும் கியூஎஸ்டி இதழின் பக்கங்களிலிருந்தே எடுக்கப்படும்; எந்த மாதத்து இதழ் என்பதும் அறிவிக்கப்படும். ஆகவே இதழ் கையில் உள்ளவருக்கு விடைத்தாளும் கையில் உள்ளது என்றே பொருள்.

மாசச்சூசெட்ஸின் குளிர்கால மாலைகளில் 80 மீட்டர் அலைவரிசையில் நியூயிங்டனின் சைகை உரத்துத் தெளிவாகக் கேட்கும். பென்சிலும் கோடிட்ட தாளுமாக அமர்ந்து, கேட்ட எழுத்துகளை அப்படியே எழுதி, ஒலிபரப்பு முடிந்ததும் இதழைத் திறந்து உரிய பக்கத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட இடங்களை வட்டமிடுவது இக்கட்டுரையாளரின் வழக்கமாயிற்று. கதையோ செய்தியோ ஆனால் பாதிச் சொல்லைக் கேட்டதுமே மீதியை ஊகித்துவிடலாம். தொழில்நுட்பக் கட்டுரையில் அது இயலாது. கோஆக்சியல் கேபிளின் நீளம், கெபாசிட்டரின் மதிப்பு, யாரோ ஒருவருடைய அழைப்புக்குறி என ஊகத்துக்கு இடங்கொடாத எண்களும் எழுத்துகளும் இடையிடையே வந்துகொண்டேயிருக்கும். வட்டங்களும் அவ்விடங்களிலேயே குவிந்தன. இதனால் விளைந்த இன்னொரு நன்மையும் உண்டு. தலைப்பைப் பார்த்ததும் புரட்டித் தள்ளியிருக்கக்கூடிய கட்டுரைகள் ஓர் எழுத்தின்பின் ஓர் எழுத்தாகக் காதுவழி புகுந்து மனத்தில் தங்கின. ஆன்டெனாவின் ஊட்டுக் கம்பியில் ஃபெரைட் வளையங்களைக் கோத்தால், கம்பியின் வெளிப்புறத்தில் பாயும் வேண்டாத மின்னோட்டம் தடைப்பட்டு, வீட்டுக் கருவிகளின் இரைச்சல் ரிசீவரில் ஏறுவது குறையும் என்பதை அவர் அறிந்துகொண்டது அவ்வாறுதான். அதற்கான தேவை நேர்ந்தது பல ஆண்டுகள் கழித்து வேறொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது.

சந்தா நடப்பு இதழைத் தரும். பழைய இதழ்களுக்கு அந்நாளில் சந்தையே வழி. கேம்பிரிட்ஜ் நகரில் எம்ஐடி வளாகத்தை ஒட்டி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதந்தோறும் மூன்றாம் ஞாயிறன்று கூடும் பழம்பொருள் சந்தையில், கயிற்றால் கட்டிய இதழ்க் கட்டுகள் ரேடியோ வால்வுகளுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் நடுவே கிடக்கும். காலமான ஹாம் ஒருவரின் நிலவறையைக் காலிசெய்யும் குடும்பத்தாரே பெரும்பாலும் அவற்றைக் கொண்டுவருவர். காலமான ஹாமை அமைதியடைந்த மோர்ஸ் விசை எனப் பொருள்படும் சைலன்ட் கீ என்னும் பெயரால் குறிப்பது மரபு. கியூஎஸ்டி அவர்களின் பட்டியலை வெளியிடுவதும் வழக்கம். அத்தகைய கட்டொன்றில் கிடைத்ததே கியூஎஸ்டியின் 1968 நவம்பர் இதழ். அதில் வெஸ் ஹேவர்டும் டிக் பிங்காமும் எழுதிய நேர்மாற்று ரிசீவர் பற்றிய கட்டுரை, வீட்டில் ரிசீவர் கட்டும் கலையின் போக்கையே மாற்றியது எனலாம்.

வழக்கமான சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர், வந்த சைகையை முதலில் ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி, அங்கே வடிகட்டிப் பெருக்கி, அதன்பின்னரே ஒலியாக்கும். நேர்மாற்று ரிசீவர் அந்த இடைப்படியை விலக்கி, சைகையின் அதிர்வெண்ணை ஏறக்குறைய ஒத்த இன்னோர் அதிர்வைத் தன்னுள்ளேயே உண்டாக்கி, இரண்டையும் கலந்து, அவற்றின் வேறுபாட்டையே காதுக்கு எட்டும் ஒலியாகப் பெறும். எடுத்துக்காட்டாக, 7,030 கிலோஹெர்ட்ஸில் வரும் மோர்ஸ் சைகையோடு 7,029.3 கிலோஹெர்ட்ஸ் அதிர்வைக் கலந்தால் 700 ஹெர்ட்ஸ் ஒலி கிடைக்கும். தத்துவம் பழையது, பல காலமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. நல்ல கலப்பானும் இரைச்சல் குறைந்த ஒலிபெருக்கிச் சுற்றும் இருந்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய பாகங்களைக் கொண்டே தரமான ரிசீவர் அமையும் என்று அக்கட்டுரை காட்டியது.

அவ்வழியில் இக்கட்டுரையாளர் தாமே ஒன்றைக் கட்ட முனைந்தார். கலப்பானுக்கு நான்கு டையோடுகளும் இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்களும் வேண்டும். எனாமல் பூசிய மூன்று செப்புக் கம்பிகளை ஒன்றாக முறுக்கி, விரல்நுனியளவே உள்ள ஃபெரைட் வளையத்தின் துளைவழியே நுழைத்து நுழைத்துச் சுற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிற்று. ஆனால் சுற்றி முடித்ததும் ஆறு முனைகள் ஒரே நிறத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் எனாமலைச் சுரண்டி, எந்தத் தொடக்கம் எந்த முடிவோடு சேர்ந்தது என்பதை ஓம்மீட்டரால் கண்டறிந்து, ஒரு கம்பியின் முடிவையும் இன்னொன்றின் தொடக்கத்தையும் இணைத்தால் நடுமுனை அமையும். இதில் ஒன்று மாறினாலும் கலப்பான் ஊமையாகிவிடும். கட்டி முடித்து ஹெட்ஃபோனை மாட்டியபோது ஐரோப்பிய நிலையங்களின் மோர்ஸ் ஒலி வியப்பூட்டும் தெளிவோடு கேட்டது. பெட்டியைப் பென்சிலால் தட்டினால் மணியோசையும் கேட்டது. ஏறத்தாழ முழுப் பெருக்கமும் ஒலி நிலையிலேயே நடப்பதால், பாகங்களின் நுண்ணிய அதிர்வுகூட ஓசையாகிவிடும் என்பது இவ்வகை ரிசீவரின் இயல்பு.

பிடிபடாத தொல்லை ஒன்றும் இருந்தது. மின்சார இணைப்பிலிருந்து இயக்கியபோது, டியூன் செய்யும் இடத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் ஓர் உறுமல் தொடர்ந்துகொண்டேயிருந்தது. வடிகட்டும் கெபாசிட்டரைப் பெரிதாக்கியும் பயனில்லை. அதே கட்டில் இருந்த, சில ஆண்டுகள் பிந்திய வேறோர் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் விளக்கம் கிடைத்தது: ரிசீவரின் உள்ளதிர்வு சிறிதளவு வெளியே கசிந்து, மின்வழங்கியின் டையோடுகளை அடைந்து, அங்கே மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு ஆன்டெனா வழியாகவே திரும்பி வருகிறது; பேட்டரியில் இயக்கினால் தொல்லை தீரும். அவ்வாறே தீர்ந்தது. ஒரு கட்டுரையும், அதைக் கட்டிப்பார்த்த முகமறியா வாசகர் ஒருவரின் கடிதமும் சேர்ந்தே ஒரு முழுமையான பாடமாயின. இதழ் தொடர்ச்சியாக வர வேண்டியதன் காரணம் இதில் அடங்கியுள்ளது.

திருத்தங்களும் அத்தொடர்ச்சியில் அடங்கும். மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் தாமே சரியான நீளத்தில் உண்டாக்கும் கீயர் என்னும் சுற்றொன்று, ஓர் இதழில் ஒரு டிரான்சிஸ்டரின் எமிட்டரும் கலெக்டரும் இடம்மாறி அச்சாகியிருந்தது. படத்தில் உள்ளவாறே பற்றவைத்தவர்களுக்கு அது இயங்கவில்லை. இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். இரண்டு மாதம் கழித்து அதே இதழின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் திருத்தம் வந்தது. சந்தாதாரர்கள் அவ்விரு முனைகளையும் இடம்மாற்றியதும் கீயர் ஓடியது. அக்கட்டுரையின் நகலை மட்டும் எடுத்துவைத்திருந்த மன்ற நண்பர் ஒருவரின் கீயரோ, யாரோ எதேச்சையாகச் சொல்லும்வரை மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. கியூஎஸ்டி இதற்கென ஃபீட்பேக் என்ற தலைப்பில் தனியிடம் ஒதுக்குகிறது. பிழையற்ற இதழ் எதுவும் இல்லை. பிழையை ஒப்புக்கொண்டு அதே வாசகரிடம் மீண்டும் வருகின்ற இதழ்தான் நம்பத்தக்கது.

சந்தாவின் பயன் எங்கே மிகத் திண்மையாக உள்ளது என்று கேட்டால், லீக்கின் சோதனைக்கூடம் அளந்து வெளியிடும் கருவி மதிப்பீடுகளையே சுட்ட வேண்டும். மதிப்பீட்டுக்குரிய கருவியை லீக், உற்பத்தியாளரிடம் இரவலாகப் பெறாமல், வணிகரிடம் விலைகொடுத்தே வாங்குகிறது. அளக்கப்படுவனவற்றுள் இன்றியமையாதது, உரத்த சைகைகளுக்கு நடுவே மெல்லிய சைகையைக் கேட்கும் திறன். ரிசீவரின் உட்புறத்தில் 14,020, 14,040 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் இரு உரத்த சைகைகள் ஒருசேர நுழைந்தால், முழுமையற்ற சுற்றுகளில் அவை கலந்து, உண்மையில் யாரும் ஒலிபரப்பாத 14,000, 14,060 ஆகிய இடங்களில் போலிச் சைகைகள் தோன்றும். மூன்றாம்படிக் கலப்பு எனப்படும் இக்குறை எந்த அளவு உரத்த சைகையில் தலைகாட்டத் தொடங்குகிறது என்பதே ரிசீவரின் தகுதியைக் காட்டும் அளவுகோல்.

பல ஆண்டுகள் இச்சோதனை இரு சைகைகளுக்கிடையே 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டே நடந்தது. அக்காலத்து ரிசீவர்கள் பல, வந்த சைகையை முதலில் ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி வழியாக அனுப்பும் அமைப்புடையவை. இடைவெளி 20 ஆனால் உரத்த சைகைகள் வடிகட்டியின் வாயிலிலேயே தடுக்கப்பட்டு, அட்டவணையில் எண்கள் அழகாக அமையும். சோதனைக்கூடம் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும், பின்னர் 2 கிலோஹெர்ட்ஸிலும் அளக்கத் தொடங்கியபோது, உரத்த சைகைகளும் வடிகட்டிக்குள் புகுந்துவிட்டன; சில விலையுயர்ந்த கருவிகளின் எண்கள் 20 டெசிபெல், அதாவது திறனில் நூறு மடங்கு, சரிந்தன. யார் மிகுதியான நிலையங்களோடு தொடர்புகொள்கிறார் என்று பார்க்கும் போட்டி நாள்களில் நிலையங்கள் ஒன்றையொன்று உரசுமளவு நெருங்கி நிற்பதால், ஹாம்களுக்கு உண்மையில் பயன்படுவது இந்த நெருக்க அளவுதான். இதன்பின் உற்பத்தியாளர்கள் குறுகிய வடிகட்டிகளைச் சேர்க்கத் தொடங்கினர். 2007-இல் வந்த எலிக்ராஃப்ட் கே3 போன்ற கருவிகள் முதல் இடைநிலை அதிர்வெண்ணையே 8 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கி, குறுகிய வடிகட்டியை எளிதில் இடம்பெறச் செய்தன.

இம்மாற்றத்தை மாதந்தோறும் பின்தொடர்ந்தவருக்கே, பழைய அட்டவணையின் எண்ணும் புதிய அட்டவணையின் எண்ணும் ஒரே பொருளுடையன அல்ல என்பது விளங்கியிருக்கும். மதிப்பீட்டின் உரைநடையை அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே இதழின் வண்ணப் பக்கங்களில் அதே கருவியின் விளம்பரம் இருக்கும்போது உரைநடை மென்மையாகவே பேசும். அட்டவணை அவ்வாறு பேசுவதில்லை. ஆயிரக்கணக்கான டாலரில் ரிசீவர் வாங்க எண்ணும் ஒருவர் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொண்டால், அந்த ஒரு முறையிலேயே பல ஆண்டுச் சந்தாவை மீட்டுவிடுவார்.

பயனற்ற பகுதிகளும் உண்டு. போட்டி முடிவுகள், நிகழ்ச்சி அறிவிப்புகள், சங்கத்து நிர்வாகச் செய்திகள் ஆகியவை அச்சேறி வருவதற்குள் பழசாகிவிடும். 2004 டிசம்பரில், நெடுங்காலம் ஹாம்களுக்கு எட்டாதிருந்த அந்தமானிலிருந்து ஒலிபரப்பப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாதின் குழு, 26-ஆம் நாள் சுனாமி தாக்கியதும், பிற தொடர்புகள் அறுந்த நிலையில் தன் கருவிகளை மீட்புச் செய்திகளுக்குத் திருப்பியது. தமிழ்க் குடும்பங்கள் பல தீவுகளில் உள்ள உறவினரின் நலமறியத் தவித்திருந்த நாள்கள் அவை. அன்று அமெரிக்காவில் இருந்த தமிழருக்கும் செய்தியைத் தந்தவை அலைவரிசையும் தொலைபேசியும் தொலைக்காட்சியுமே. அச்சிதழுக்கு அந்த விரைவு இயலாது, அதை அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஓர் இதழ் மட்டும் போதாது என்று கருதவும் ஒரு காலம் இடமளித்தது. சிக்யூவின் ஆசிரியராக இருந்து விலகிய வெய்ன் கிரீன், 1960 அக்டோபரில் 73 என்னும் இதழைத் தொடங்கி, பின்னர் நியூஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோவிலிருந்து நடத்தினார். ஹாம்கள் உரையாடலை முடிக்கும்போது வாழ்த்தாகச் சொல்லும் எண்ணே அதன் பெயர். நெவர் சே டை என்ற தலைப்பில் அவர் எழுதிய நெடிய தலையங்கங்கள் லீக்கையும் அரசையும் வாசகரையும் ஒருசேரச் சீண்டின. ஆயினும், மலையுச்சியில் நின்று எளிய கைக்கருவியின் சைகையைப் பெற்று மறு ஒலிபரப்புச் செய்யும் எஃப்எம் ரிப்பீட்டர்களை ஹாம்களிடையே பரப்பியதில் அவ்விதழுக்குப் பெரும்பங்கு உண்டு. 1975-இல் பைட் என்னும் கணினி இதழ் தோன்றக் காரணமானவரும் அவரே. கியூஎஸ்டி ஏற்கத் தயங்கும் முதிராத எண்ணங்களுக்கு 73 இடங்கொடுத்தது. அவற்றுட் சில முதிர்ந்தும் விட்டன. ஹாம் ரேடியோ 1990-இலும், 73 2003-இலும் நின்றன; சிக்யூவும் 2023-இல் அச்சை நிறுத்தியது. ஒன்றையொன்று மறுத்துப் பேசும் இதழ்கள் இருந்த நாளில் வாசகருக்குக் கிடைத்த பயிற்சி இன்று சந்தா கட்டினாலும் கிடைப்பதில்லை என்பதை வருத்தத்தோடுதான் பதிவுசெய்ய வேண்டியுள்ளது.

73 இதழின் முழுத் தொகுதியையும் இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். கியூஎஸ்டியின் பழைய இதழ்கள் லீக்கின் உறுப்பினர்களுக்குத் திறந்துள்ளன. 2024 சனவரி முதல் உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 59 டாலர். முன்பு கட்டணத்திலேயே அடங்கியிருந்த அச்சிதழுக்கு இப்போது தனியே 25 டாலர். கைக்கருவியில் ஊர் ரிப்பீட்டர் வழியே நண்பர்களோடு பேசுவதோடு நிறைவுறுபவருக்கு இரண்டுமே தேவையில்லை. அவருக்கு மன்றத்து நூலகமோ பொது நூலகமோ போதும். புதிதாக உரிமம் பெற்று, எந்தத் துறையில் இறங்குவது என்று தெரியாதிருப்பவர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளாவது உறுப்பினராக இருந்து, புரியாத கட்டுரைகளையும் விடாமல் புரட்டிவருவது நல்லது. தம் கையால் கட்டுபவர் அச்சிதழையும் சேர்த்து வாங்கலாம்.

இக்கட்டுரையாளர் அந்த 25 டாலரையும் செலுத்திவருகிறார். இதழைப் பணிமேசையில் விரித்து, கிடைக்காத பாகத்துக்கு ஈடாகப் போட்ட பாகத்தின் மதிப்பைச் சுற்றுப்படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே பற்றவைப்பது அவருக்குப் பழகிப்போன முறை. பின்வரும் மாதங்களில் திருத்தம் ஏதேனும் வந்தால், அதையும் அதே படத்தின் அருகே குறித்துவைத்துவிட முடிகிறது.